நாயக்கர் முதல் நாயக் வரை

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஒரே சொல் ஓரிடத்தில் அரசரையும் மற்றோரிடத்தில் கடைநிலை வீரர் சிலருக்குத் தலைவரையும் குறிக்குமா? ஒரு நாட்டின் மேஜர் ஜெனரலும் மற்றொரு நாட்டின் மேஜர் ஜெனரலும் ஒத்த தகுதியுடையவர்கள்தாமா? போரில் பகைவரிடம் அகப்பட்ட ஒருவரின் தோள்பட்டைச் சின்னம் அவரது உயிரைக் காக்குமா? மதுரை மண்ணின் வரலாற்றிலிருந்து இவ்வினாக்களைத் தொடங்கி, உலகப் போர்க்களங்கள் வரை சென்று விடை காண்போம்.

மதுரை நகரின் நான்கு வெளி வீதிகளில் நடப்பவர்கள் ஒரு காலத்தில் கோட்டையின் அகழி இருந்த இடத்தில்தான் நடக்கிறார்கள். 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, வீதிகள் விரிந்தன. கோட்டை மறைந்தாலும் அதைக் காத்தவர்களின் பதவிப்பெயர்கள் மறையவில்லை. அவை தெருப்பெயர்களிலும் குடும்பப் பெயர்களிலும் நாட்டுப்புறக் கதைப்பாடல்களிலும் இன்றும் வாழ்கின்றன.

அவற்றுள் ஒன்று 'நாயக்கர்' என்பது. வழிநடத்துபவர் என்னும் பொருளுடைய 'நாயக' என்னும் வடசொல்லின் வழிவந்தது அது. சோழர், போசளர் கல்வெட்டுகளில் வரும் 'தண்டநாயகன்' பெரும்படைக்குத் தலைவன். விசயநகரப் பேரரசின் படைத்தலைவர்களாக வந்து, பின் மதுரையில் அரசர்களாகவே ஆண்டவர்கள் நாயக்கர்கள். இனி, இன்றைய இந்தியத் தரைப்படைக்கு வருவோம். அங்கு 'நாயக்' என்பவர் சட்டைக் கையில் இரண்டு பட்டைகள் அணிந்தவர். அவருக்கு மேலே ஹவில்தாரும், ஹவில்தாருக்கு மேலே பல படிகளும் உள்ளன. சொல் ஒன்றே, ஆனால், திருமலை மன்னரின் அரியணைக்கும் இரண்டு பட்டைகளுக்கும் இடையே எவ்வளவு தொலைவு!

இத்தொலைவே நமக்கு முதற்பாடம். படைப்பதவிகளை ஒப்பிடுவோர் பெயரை மட்டும் கொண்டு ஒப்பிடுதல் கூடாது. மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். அவர் எத்தனை பேரை வழிநடத்துகிறார்? அப்பதவியை அவருக்கு அளித்தவர் யார்? அதை ஏற்றுக்கொள்பவர் யார்?

பழந்தமிழர் படைப்பதவிகள்

பண்டைத் தமிழ் வேந்தர்கள் தம் படைத்தலைவர்களுக்குச் சிறப்புப் பெயர் வழங்கினர். 'ஏனாதி' என்பது அவற்றுள் ஒன்று. அப்பட்டம் பெற்றோருக்கு மோதிரம் அணிவிக்கும் வழக்கமும் இருந்ததாக உரையாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். புறநானூற்றில் இடம்பெறும் ஏனாதி திருக்கிள்ளி இப்பட்டம் பெற்றவர். அரசனால் சிறப்புப் பெறுதலை 'மாராயம்' எனத் தொல்காப்பியம் சுட்டுகிறது. பதவி என்பது வேந்தன் கையால் அளிக்கப்பெறுவது, பலரறிய அணியப்பெறுவது என்னும் கருத்து அன்றே வேரூன்றியிருந்ததை இவற்றால் அறியலாம். மோதிரத்தின் இடத்தை இன்று தோள்பட்டைச் சின்னம் பெற்றுள்ளது.

நாயக்கர் ஆட்சியில் அரசருக்கு அடுத்த நிலையில் இருந்தவர் 'தளவாய்'. படையை நடத்துதலோடு ஆட்சிப் பொறுப்பையும் அவர் ஏற்றிருந்தார். விசுவநாத நாயக்கர் காலத்துத் தளவாய் அரியநாத முதலியார், பாளையங்களைப் பிரித்தமைத்தவராகப் போற்றப்படுகிறார். கோட்டையின் 72 கொத்தளங்களையும் காக்கும் பொறுப்பு 72 பாளையக்காரர்களுக்கு ஒப்படைக்கப்பட்டது என்பது மரபு. பாளையக்காரர் தம் ஊரில் ஆட்சியாளர். மதுரைக்குப் போர் வந்தால் படைத்தலைவர். ஆட்சிப் பதவியும் படைப்பதவியும் பிரியாதிருந்த காலம் அது. திருமலை நாயக்கரின் தளவாய் இராமப்பய்யன் சேதுபதி மீது படையெடுத்துச் சென்ற நிகழ்ச்சி அம்மானை நூலாகவே பாடப்பட்டுள்ளது.

கம்மந்தான்: ஒருவர், இரு பதவி

பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தமிழ் மண்ணில் மோதினர். அவர்தம் படைகளோடு புதிய பதவிப்பெயர்களும் வந்தன. பனையூரில் பிறந்தவரெனக் கூறப்படும் மருதநாயகம் என்னும் யூசுப்கான், கம்பெனியின் படையில் சிப்பாயாகத் தொடங்கிச் சிப்பாய்கள் அனைவருக்கும் 'கமாண்டன்ட்' ஆனார். 1758-59இல் பிரெஞ்சுக்காரர் சென்னையை முற்றுகையிட்டபோது அவர் ஆற்றிய பணியைக் கம்பெனி பெரிதும் பாராட்டியது. 'கமாண்டன்ட்' என்னும் சொல் மக்கள் நாவில் 'கம்மந்தான்' ஆயிற்று. 'கம்மந்தான் கான்சாகிபு' என்றே தென்பாண்டி நாடு அவரை அழைத்தது. மதுரையின் கான்சா மேட்டுத் தெரு இன்றும் அப்பெயரைச் சுமந்து நிற்கிறது.

1759இல் அவர் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் ஆட்சிப் பொறுப்பையும் குத்தகையாக ஏற்றார். சிக்கல் இங்கேதான் தொடங்கிற்று. கம்பெனியின் கணக்கில் அவர் ஒரு படைத்தலைவர். ஆர்க்காட்டு நவாபு முகமது அலியின் கணக்கில் தமக்குக் கட்டுப்பட்ட குத்தகைதாரர். ஒரே மனிதருக்கு இரு தலைமைகள் இருந்தன. கம்பெனி நவாபின் பக்கம் சாய்ந்தபோது அவர் கிளர்ந்தெழுந்தார். தம் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். 1763இல் தொடங்கிய முதல் முற்றுகை மழைக்காலம் தொடங்கியதும் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு மேஜர் காம்ப்பெல் தலைமையில் மீண்டும் முற்றுகை நடந்தது. 1764 ஜூனில் நடந்த பெருந்தாக்குதலையும் கோட்டை தாங்கி நின்றது. இறுதியில் அவரைப் பிடித்தது எதிரியின் பீரங்கி அன்று. அவர்தம் திவானும், அவரிடம் பணிபுரிந்த பிரெஞ்சு அதிகாரி மார்ஷானும் உள்ளிட்டோர் அவரைச் சிறைப்படுத்தி ஒப்படைத்தனர். 1764 அக்டோபர் 15ஆம் நாள் மதுரைக்கு வெளியே அவர் தூக்கிலிடப்பட்டார். அவரது அடக்கத்தலம் சம்மட்டிபுரத்தில் உள்ளது.

ஒரு காலத்தில் கம்பெனியின் பெருமைக்குரிய கமாண்டன்டாக இருந்தவர், பதவியை அளித்தோரே அதை மறுத்தபோது 'கலகக்காரர்' ஆனார். பதவியை அளித்தவர் யார் என்னும் நம் இரண்டாம் வினா எத்துணைக் கூர்மையானது என்பதற்கு மதுரையே சான்று.

> தெரிந்து தெளிவோம்
> பிரெஞ்சுத் தரைப்படையில் 'கொமாந்தான்' என்பது பட்டாலியன் தலைவரை அழைக்கும் பெயர். மேஜருக்கு இணையான பதவி. ஆங்கில வழக்கில் 'கமாண்டன்ட்' என்பது பெரும்பாலும் ஒரு பொறுப்பின் பெயர். ஒரு பயிற்சிக்கழகத்துக்கோ முகாமுக்கோ தலைமை ஏற்பவரைக் குறிக்கும். தமிழர் நாவில் பிறந்த 'கம்மந்தான்' இவ்விரண்டினும் உயர்ந்து, சீமையை ஆண்டவரின் பெயராயிற்று.

சுருங்கிய சொற்கள்

'சுபேதார்' என்னும் சொல்லின் கதையும் இத்தகையதே. முகலாயப் பேரரசில் 'சுபா' என்பது மாகாணம். அதை ஆள்பவர் சுபேதார். ஐதராபாத் நிசாம் தக்காணத்தின் சுபேதாராக விளங்கியவர். அதே நூற்றாண்டில், கம்பெனியின் சிப்பாய்ப் படையில் நூறு பேர் அளவினதான ஒரு பிரிவுக்குத் தலைவரான இந்தியரும் 'சுபேதார்' எனப்பட்டார். நாயகன் நாயக் ஆனதைப்போல மாகாணத்தை ஆண்டவரின் பட்டமும் ஒரு சிறு பிரிவுக்குள் சுருங்கிற்று. ஒரு நாடு பிறர் ஆட்சிக்கு உட்படும்போது அதன் சொற்களும் தாழ்நிலை எய்துகின்றன என்பதை இவை காட்டுகின்றன.

நாளடைவில் கம்பெனிப் படையிலும், பின்னர் பிரிட்டிஷ் இந்தியப் படையிலும் இந்தியர் எட்டக்கூடிய உச்சம் சுபேதார் மேஜர் என்னும் பதவியோடு நின்றது. முப்பதாண்டுப் போர்ப்பட்டறிவு கொண்ட சுபேதார் மேஜரும், இங்கிலாந்திலிருந்து அன்று வந்திறங்கிய இளம் செகண்ட் லெப்டினன்ட்டுக்குக் கீழ்ப்பட்டவரே. ஒருவருக்கு வைசிராயின் ஆணை. மற்றவருக்கு மன்னரின் ஆணை. முதல் உலகப்போருக்குப் பின்னரே இந்தியர் சிலர் சாண்ட்ஹர்ஸ்டில் பயின்று மன்னரின் ஆணை பெற்றனர். 1932இல் டேராடூனில் இந்திய இராணுவக் கல்விக்கழகம் தொடங்கப்பட்டது. 1949 சனவரி 15ஆம் நாள் கே.எம். கரியப்பா இந்தியப் படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். அந்நாளையே நாம் தரைப்படை நாளாகக் கொண்டாடுகிறோம்.

ஐரோப்பியப் பெயர்களின் வேர்

ஐரோப்பியப் பதவிப்பெயர்களின் வேரை அறிந்தால் அவற்றின் வரிசை விளங்கும். 'கேப்டன்' என்பது 'தலை' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. நம் 'தலைவன்' என்னும் சொல்லும் தலையிலிருந்தே பிறந்தது. 'லெப்டினன்ட்' என்பதற்கு 'இடத்தைத் தாங்குபவர்' என்பது பொருள். மேலவர் இல்லாதபோது அவரிடத்தில் நிற்பவர் அவர். 'கர்னல்' என்பது அணிவகுப்பைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லின் வழிவந்தது.

மேஜர், லெப்டினன்ட்டைவிட உயர்ந்தவர். ஆனால், மேஜர் ஜெனரலோ லெப்டினன்ட் ஜெனரலுக்குக் கீழ்ப்பட்டவர். இம்முரண் மாணவர் பலரையும் குழப்புவது. பழைய ஐரோப்பியப் படைகளில் ஜெனரலின் இடத்தைத் தாங்கியவர் லெப்டினன்ட் ஜெனரல். அவருக்கு அடுத்து, படையை அணிவகுக்கச் செய்தவர் 'சார்ஜன்ட் மேஜர் ஜெனரல்'. காலப்போக்கில் 'சார்ஜன்ட்' என்னும் முற்பகுதி உதிர்ந்து 'மேஜர் ஜெனரல்' என நின்றது. சொல்லின் வரலாறு தெரிந்தால் முரண் அகலும்.

இம்பால் களத்தில் ஓர் ஒப்பீடு

1944 மார்ச்சு முதல் சூலை வரை, இம்பாலிலும் கொகிமாவிலும் ஜப்பானியப் படையும் பிரிட்டிஷ் இந்தியப் படையும் பொருதன. ஜப்பானியரின் 15ஆம் ஆர்மிக்குத் தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் முட்டகுச்சி. எதிரில் நின்ற 14ஆம் ஆர்மிக்குத் தலைவர் லெப்டினன்ட் ஜெனரல் ஸ்லிம். பெயரளவில் இருவரும் ஒத்த பதவியினர். இருவரும் 'ஆர்மி'க்குத் தலைவர்கள். ஆயினும் முட்டகுச்சி இம்பாலுக்கு அனுப்பியவை மூன்று டிவிஷன்கள். பிரிட்டிஷ் அமைப்பில் அவ்வளவு படைக்குப் பெயர் 'கோர்'. ஸ்லிம்மின் கீழோ இத்தகைய கோர்கள் பல இருந்தன. இம்பாலில் இருந்த 4ஆம் கோரின் தலைவர் ஸ்கூன்சும் லெப்டினன்ட் ஜெனரலே. பொறுப்பின் அளவால் முட்டகுச்சிக்கு நிகரானவர் ஸ்கூன்ஸ்தான்.

டிவிஷன் அளவிலும் இவ்வேறுபாடு உண்டு. கொகிமாவைத் தாக்கிய ஜப்பானிய 31ஆம் டிவிஷனின் தலைவர் சாட்டோ, லெப்டினன்ட் ஜெனரல். அவரை எதிர்த்த பிரிட்டிஷ் 2ஆம் டிவிஷனின் தலைவர் கிரோவர், மேஜர் ஜெனரல். கிரோவர் தாழ்ந்தவர் என்பதன்று இதன் பொருள். ஜப்பானிய வரிசையில் 'பிரிகேடியர்' என்னும் படி இல்லை. பிரிகேடை மேஜர் ஜெனரலே நடத்தினார். ஆகவே டிவிஷனை நடத்துபவர் ஒரு படி மேலேறினார். ஜெர்மன் படையிலும் இதே நிலை. அங்கு மேஜர் ஜெனரலே ஜெனரல்களின் முதற்படி. அமெரிக்கப் படையில் அம்முதற்படி 'பிரிகேடியர் ஜெனரல்' எனப்பட்டது. பிரிட்டனோ முதல் உலகப்போருக்குப் பின் அப்பெயரிலிருந்து 'ஜெனரல்' என்பதை நீக்கி, 'பிரிகேடியர்' என்று மட்டும் வைத்துக்கொண்டது. சுதந்திர இந்தியா பின்பற்றுவதும் இம்முறையே.

இத்தகைய ஒப்பீடு வெறும் ஏட்டறிவு அன்று. யார் யாரிடம் சரணடைவது, கைதிகளை எவ்வாறு பிரிப்பது, கூட்டுப்படைகளில் யாருக்கு யார் ஆணையிடுவது என்பனவெல்லாம் இதனைப் பொறுத்தவையே. 1971 டிசம்பர் 16ஆம் நாள் டாக்காவில் பாகிஸ்தானின் லெப்டினன்ட் ஜெனரல் நியாசி, இந்தியாவின் லெப்டினன்ட் ஜெனரல் அரோராவிடம் சரணடைந்து கையொப்பமிட்டார். இருவரும் ஒரே பிரிட்டிஷ் இந்தியப் படையில் பணி தொடங்கியவர்கள் என்பதால் அங்கு ஒப்பீட்டுச் சிக்கலே எழவில்லை.

செங்கோட்டையில் எழுந்த வினா

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அங்குக் கைதிகளான இந்திய வீரர் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். அதன் முதற்கட்டத்தை அமைத்த மோகன்சிங், பிரிட்டிஷ் படையில் கேப்டன். புதிய படையில் ஜெனரல். 1943இல் நேதாஜி தலைமையேற்ற பின் மலேயாத் தமிழர்கள் பெருந்திரளாக அதில் இணைந்தனர். ஜான்சிராணிப் படையில் சேர்ந்த பெண்களுள் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துத் தமிழ்ப்பெண்களே. அப்படைக்குத் தலைமை தாங்கிய மருத்துவர் இலட்சுமி, உயர்பதவி பெற்ற பின்னும் 'கேப்டன் இலட்சுமி' என்றே மக்கள் உள்ளத்தில் நிலைத்தார். அவருடைய அன்னை அம்மு சுவாமிநாதன், 1952இல் நம் அண்டைத் தொகுதியான திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

போர் முடிந்தபின், 1945 நவம்பரில் தில்லிச் செங்கோட்டையில் இராணுவ நீதிமன்றம் கூடிற்று. ஷாநவாஸ்கான், சேகல், தில்லான் ஆகிய மூவர் குற்றவாளிக் கூண்டில் நின்றனர். தேசிய இராணுவத்தில் ஷாநவாஸ்கான் மேஜர் ஜெனரல். மற்ற இருவரும் கர்னல்கள். நீதிமன்றத்தின் ஏட்டிலோ அவர்கள் கேப்டன், கேப்டன், லெப்டினன்ட். புதிய பதவியை ஏற்றால் அவர்கள் வேறோர் அரசின் படைவீரர்கள். பழைய பதவியை ஏற்றால் மன்னருக்கு இரண்டகம் செய்தவர்கள். அவர்களுக்காக வாதாடிய பூலாபாய் தேசாய், தற்காலிக அரசொன்று முறைப்படி போர் அறிவித்தது என்றும், அதன் படை தனக்கெனச் சட்டமும் ஒழுங்கும் உடையது என்றும் எடுத்துரைத்தார். நீதிமன்றம் வாழ்நாள் நாடுகடத்தல் தண்டனை விதித்தது. ஆனால், நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பால் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அத்தண்டனையை நீக்கினார். பணிநீக்கம் நிலைத்தது. 1764இல் மதுரையில் கேட்கப்படாத வினா, 181 ஆண்டுகளுக்குப் பின் செங்கோட்டையில் உரக்கக் கேட்கப்பட்டது.

பதவி என்னும் கவசம்

1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை போர்க்கைதிகளைப் பற்றியது. போர் தொடங்கியதும் இருதரப்பாரும் தத்தம் படைப்பதவிகளின் பட்டியலைப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என அது கூறுகிறது. இணையான பதவியினர் இணையாக நடத்தப்பெறுவதற்கே இவ்விதி. கைதியானவர் தம் பெயர், பதவி, பிறந்த நாள், படை எண் ஆகியவற்றை மட்டும் கூறினால் போதும். அதிகாரிகளை வேலை செய்யுமாறு கட்டாயப்படுத்துதல் கூடாது. மாதந்தோறும் முன்பணமாகச் சார்ஜன்ட்டுக்குக் கீழுள்ளோருக்கு 8 சுவிஸ் பிராங்க், சார்ஜன்ட் நிலையினருக்கு 12, மேஜருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரிகளுக்கு 50, மேஜர் முதல் கர்னல் வரையினருக்கு 60, ஜெனரல்களுக்கு 75 என வரையறுத்தது. நாடுகள் தம் பதவிகளுக்கு எப்பெயரிட்டாலும் அனைத்தையும் இவ்வைந்து வகைக்குள் அடக்கிக் காட்டியது இவ்வுடன்படிக்கை.

இக்கவசம் இல்லாதோரின் நிலை என்ன? 1942-43இல் சயாமையும் பர்மாவையும் இணைக்க, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதையை ஜப்பானியர் அமைத்தனர். அங்கு வாடிய நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் மாண்டவர்கள் 12,000க்கும் மேற்பட்டோர். அவர்களது பெயரும் பதவியும் எண்ணும் ஏடுகளில் உள்ளன, கல்லறைகளில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களோடு, மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர் பல்லாயிரவர் காலராவுக்கும் பசிக்கும் இரையாயினர். அவர்களுக்குப் படைப்பதவி இல்லை. படை எண் இல்லை. ஆதலால் பெயர்ப்பட்டியலும் இல்லை. வைகைக் கரையிலிருந்தும் இராமநாதபுரத்துச் செம்மண்ணிலிருந்தும் பிழைப்புத் தேடிக் கப்பலேறிய குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அவர்களுள் எத்தனை பேரோ! பதவிகளை ஒப்பிடும் நாம், பதவியின்றி மாண்டவர்களையும் எண்ணிப் பார்த்தல் கடமையாகும்.

இன்றைய இந்தியப் படைகளின் இணைப்பதவிகள்

| தரைப்படை | கடற்படை | வான்படை |
|---|---|---|
| லெப்டினன்ட் | சப் லெப்டினன்ட் | பிளையிங் ஆபீசர் |
| கேப்டன் | லெப்டினன்ட் | பிளைட் லெப்டினன்ட் |
| மேஜர் | லெப்டினன்ட் கமாண்டர் | ஸ்குவாட்ரன் லீடர் |
| லெப்டினன்ட் கர்னல் | கமாண்டர் | விங் கமாண்டர் |
| கர்னல் | கேப்டன் | குரூப் கேப்டன் |
| பிரிகேடியர் | கமோடோர் | ஏர் கமோடோர் |
| மேஜர் ஜெனரல் | ரியர் அட்மிரல் | ஏர் வைஸ் மார்ஷல் |
| லெப்டினன்ட் ஜெனரல் | வைஸ் அட்மிரல் | ஏர் மார்ஷல் |
| ஜெனரல் | அட்மிரல் | ஏர் சீஃப் மார்ஷல் |

தரைப்படையின் கேப்டனும் கடற்படையின் கேப்டனும் ஒருவரல்லர் என்பதை இவ்வட்டவணையில் காண்க. கடற்படைக் கேப்டன் கர்னலுக்கு இணையானவர்; மூன்று படி உயர்ந்தவர். ஒரே நாட்டுக்குள்ளேயே பெயர் நம்மை ஏமாற்றுமானால், நாடுகளுக்கிடையே எத்துணை விழிப்பு வேண்டும்!

மேல்நிலைக் கல்வியை முடிக்கும் மாணவ மாணவியர் தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத் தேர்வை எழுதி, கடக்வாஸ்லாவில் பயின்று அதிகாரிகளாகலாம். பட்டம் பெற்றோருக்குச் சென்னையிலேயே அதிகாரிகள் பயிற்சிக் கல்விக்கழகம் உள்ளது. நாயக்கையும் சுபேதாரையும் எல்லையாகக் கொண்டிருந்த மண்ணின் மைந்தருக்கு இன்று ஜெனரல் வரை வழி திறந்துள்ளது.

அடுத்த முறை கான்சா மேட்டுத் தெருவைக் கடக்கும்போது அப்பெயர்ப் பலகையைச் சற்று நின்று நோக்குங்கள். ஒரு பதவிப்பெயர் அளிப்பவரிடம் தொடங்குகிறது; பகைவரின் ஏற்பில் சோதிக்கப்படுகிறது; மக்களின் நினைவில்தான் நிலைபெறுகிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் படைப்பதவியின் பெயரால் வழங்கும் தெரு, குளம், பாளையம் ஆகியவற்றின் பெயர்களைத் திரட்டி, பொருள் எழுதுக.
2. உங்கள் பகுதியில் வாழும் முன்னாள் படைவீரர் ஒருவரைச் சந்தித்து, அவர் வகித்த பதவியின் பொறுப்புகளைக் கேட்டறிந்து வகுப்பில் உரையாற்றுக.

பலவுள் தெரிக

1. 'இடத்தைத் தாங்குபவர்' என்னும் பொருளுடைய பதவிப்பெயர்
அ) கேப்டன் ஆ) லெப்டினன்ட் இ) கர்னல் ஈ) ஹவில்தார்

2. தரைப்படைக் கர்னலுக்கு இணையான கடற்படைப் பதவி
அ) கமாண்டர் ஆ) கமோடோர் இ) கேப்டன் ஈ) லெப்டினன்ட்

குறுவினா

1. 'ஏனாதி' குறிப்பு வரைக.
2. மேஜர் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரலுக்குக் கீழ்ப்பட்டவராக அமைந்தது ஏன்?

சிறுவினா

1. முட்டகுச்சி, ஸ்லிம், ஸ்கூன்ஸ் ஆகியோரின் பொறுப்புகளை ஒப்பிடுக.
2. ஜெனீவா உடன்படிக்கை போர்க்கைதிகளின் பதவிக்கு அளிக்கும் மதிப்பினை விளக்குக.

நெடுவினா

'பதவியை அளித்தவர் யார்? ஏற்பவர் யார்?' என்னும் வினாக்கள் யூசுப்கான் வாழ்விலும் செங்கோட்டை வழக்கிலும் எவ்வாறு எழுந்தன என்பதை ஒப்பிட்டுக் கட்டுரைக்க.